தேயிலை ஸ்டோரிலிருந்து செயற்கைச் சூரியன் வரை: மாசை வெளியேற்றும் ஒழுங்கற்ற காந்தப்புலம்

எங்கள் தோட்டத்து ஸ்டோரில், காய்ந்த தூள் சல்லடைகளைத் தாண்டிப் போகும் வழியில் இரண்டு காவல்கள் இருந்தன. ஒன்று காந்தம். தூள் அதை ஒட்டி விழும்போது, அதில் கலந்திருக்கும் இரும்புத் துகள்கள் காந்தத்தில் பிடித்துக்கொள்ளும். மற்றையது வரிசையாகச் சுழலும் பிளாஸ்டிக் உருளைகள். கம்பளித் துணியில் உரசி உரசி அவற்றில் மின்னேற்றம் ஏறியிருக்கும். கீழே போகும் தேயிலையிலிருந்து நாரையும் காம்பையும் அவை மேலே இழுத்துக்கொள்ளும். நல்ல தூள் தன் வழியில் போய்விடும். அப்பா சல்லடைப் பக்கம் வேலை செய்தவர். பின்னேரம் காந்தத்தைத் துடைத்தால் துணியில் கறுப்பாக ஒரு பொடி மிஞ்சும்.

அந்த இரும்பு தேயிலைச் செடியிலிருந்து வந்ததல்ல. கொழுந்தை உருட்டும், வெட்டும், சலிக்கும் இயந்திரங்கள் தேய்வதால் வருவது. தேயிலையை உருவாக்கும் இயந்திரமே தேயிலையை அழுக்காக்கும். இயந்திரத்தை நிறுத்தவும் முடியாது, அழுக்கை விடவும் முடியாது. ஆகவே வழியில் ஒரு காவல் வேண்டும்.

பதுளைப் பக்கத்தில் வார இறுதிகளில் உயர்தரப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, இந்தக் காந்தமும் உருளையும் இவ்வளவு தூரம் உதவும் என்று நான் நினைத்ததில்லை. சீனாவின் ‘செயற்கைச் சூரியன்’ ஆயிரம் செக்கன்களுக்கு மேல் எரிந்தது என்ற காணொளியை ஒரு நாள் வகுப்பில் காட்டினேன். பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஆயிரம் செக்கன்ல ஏன் சேர் நிப்பாட்டிட்டாங்க? எண்ணெ முடிஞ்சிருச்சா?”

எரிபொருள் தீர்ந்துபோவதல்ல அங்கே பிரச்சினை. காந்தச் சுருள்கள், சுவர்களின் வெப்பம், மின்வழங்கல் என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் இப்படியான ஒரு நெருப்பை நாட்கணக்கில் எரிய விடாமல் தடுக்கக்கூடிய காரணங்களில் ஒன்று, ஸ்டோரில் நாம் துடைத்தெடுத்த அதே வகை அழுக்கு. இயந்திரத்தின் சுவரே தேய்ந்து உள்ளே கலக்கும் மாசு. அதை வெளியேற்ற விஞ்ஞானிகள் கையாளும் வழிகளில் ஒன்று, கேட்டால் நம்ப முடியாதது. தாங்கள் பாடுபட்டு ஒழுங்காக அமைத்த காந்தப்புலத்தைத் தாங்களே ஓரத்தில் கொஞ்சம் குழப்பி விடுகிறார்கள்.

சட்டியில்லாத நெருப்பு

சூரியன் எரிவது விறகு எரிவது போல அல்ல. அதன் நடுவில் ஐதரசன் கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஈலியமாகின்றன. அந்த இணைவில்தான் சக்தி பிறக்கிறது. இதைக் கரு இணைவு என்கிறோம். இன்றைய அணு மின்நிலையங்களில் நடப்பது கருப்பிளவு. யுரேனியம் போன்ற பாரமான கருவை உடைப்பது. இரண்டும் வேறு வேறு.

‘அணு’ என்ற சொல்லைக் கேட்டதும் குண்டும் நஞ்சும் நினைவுக்கு வருவது நம் வாசகர்களுக்கு இயல்பு. போரைக் கண்ட சனத்துக்கு அந்தப் பயம் வீணானதுமல்ல. ஐதரசன் குண்டும் கரு இணைவுதான். ஆனால் மின்சாரத்துக்காகச் செய்யும் இயந்திரத்தில், எந்த நேரத்திலும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும் எரிபொருள் ஒரு சில கிராமுக்கு மேல் இராது. ஏதாவது பிழைத்தால் நெருப்பு அணைந்துவிடும்; கட்டுமீறி எரியாது. கதிரியக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. எரிபொருளில் ஒன்றான திரிதியம் கதிரியக்கமுள்ளது. வெளிவரும் நியூத்திரன்கள் சுவர்களையும் காலப்போக்கில் கதிரியக்கமுள்ளதாக்கும்.

பூமியில் செய்வதற்கு மிக இலகுவான இணைவு, ஐதரசனின் இரண்டு பார வகைகளான தூத்தேரியத்துக்கும் திரிதியத்துக்கும் இடையிலானது. அதற்கு ஏறத்தாழ 15 கோடி பாகை செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். சூரியனின் நடுப்பகுதியே 1.5 கோடி பாகைதான். சூரியனுக்கு இருக்கும் பிரமாண்டமான ஈர்ப்பு அழுத்தம் நம்மிடம் இல்லாததால் வெப்பத்தைப் பத்து மடங்கு கூட்ட வேண்டியிருக்கிறது. அந்த வெப்பத்தில் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்றுவிடும். நேரேற்றமுள்ள கருக்களும் எதிரேற்றமுள்ள இலத்திரன்களும் தனித்தனியாக ஓடித்திரியும் கூழ்தான் பிளாஸ்மா.

இதை எந்தச் சட்டியில் வைப்பது? எந்த உலோகமும் தாங்காது. ஆனால் ஏற்றமுள்ள துகள்கள் காந்தப்புலக் கோடுகளை விட்டு இலகுவில் விலகுவதில்லை. கம்பியில் கோத்த மணி போல, கோட்டைச் சுற்றிச் சுழன்றுகொண்டு அதன் வழியே ஓடும். அந்தக் கோடுகளையே முனையில்லாமல் வளைத்து, உளுந்து வடை வடிவத்தில் ஒரு கூட்டைக் கட்டினால் பிளாஸ்மா சுவரில் படாமல் அதற்குள் சுற்றும். 1950களில் சோவியத் விஞ்ஞானிகள் உருவாக்கிய இந்த வடிவத்துக்கு டோகமாக் என்று பெயர்.

கோடுகள் வடையை நீளவாக்கில் சுற்றும்போதே குறுக்காகவும் சற்று முறுக்கிக்கொண்டு போகும். அப்படிப் போகும் ஒரு கோடு, ஒரே படலத்தின் மீதே சுற்றும். அதற்குள்ளே இன்னொரு படலம், அதற்குள்ளே மற்றொன்று. வெங்காயத்தின் அடுக்குகள் போல ஒன்றுக்குள் ஒன்று. ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்ட துகள் தன் அடுக்கிலேயே ஆயிரம் முறை சுற்றலாம்; ஆனால் அடுத்த அடுக்குக்குத் தாவுவது கடினம். நடுவிலுள்ள வெப்பம் வெளியே வடியாமல் இருப்பது இந்த ஒழுங்கினால்தான்.

ஒரு இலட்சத்தில் ஒரு சில அணுக்கள்

எவ்வளவுதான் காந்தக்கூடு இருந்தாலும், ஓரத்திலிருந்து கொஞ்சம் பிளாஸ்மா கசிந்து சுவரில் மோதவே செய்யும். மோதும்போது சுவரின் அணுக்கள் பெயர்ந்து உள்ளே வரும்.

சுவரை எதனால் செய்வது என்பதே பெரிய வழக்கு. பல ஆண்டுகள் காபன் பயன்பட்டது. காபன் பாரம் குறைந்தது. கொஞ்சம் கலந்தாலும் பிளாஸ்மா பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது திரிதியத்தைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அரிய, கதிரியக்கமுள்ள எரிபொருளைச் சுவரில் சேரவிட முடியாது. ஆகவே தங்குதனுக்கு மாறினார்கள். பழைய குண்டு பல்ப்பின் இழையாக நாம் பார்த்த உலோகம்தான். உருகுநிலை 3,422 பாகை செல்சியஸ். உலோகங்களிலேயே மிக உயர்ந்தது.

தங்குதனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதன் அணுவில் 74 இலத்திரன்கள். ஐதரசனுக்கு இருப்பது ஒன்று. அது பிளாஸ்மாவில் கழன்றுவிடும், பிறகு கழற்ற எதுவுமில்லை. தங்குதனோ, 15 கோடி பாகையிலும் எல்லா இலத்திரன்களையும் இழப்பதில்லை. மிஞ்சியிருக்கும் இலத்திரன்கள் திரும்பத் திரும்ப அடிபட்டு, வாங்கிய சக்தியை எக்ஸ் கதிராக வெளியே வீசிக்கொண்டேயிருக்கும். அந்தக் கதிர்களைக் காந்தக்கூடு தடுக்காது. நேரே சுவருக்குப் போய்விடும்.

இணைவில் வரும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கை நியூத்திரன் எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். மிச்சமான ஐந்திலொரு பங்குடன் பிறக்கும் ஈலியம், நேரேற்றம் உள்ளதால் கூட்டுக்குள்ளேயே நின்று பிளாஸ்மாவைச் சூடாக்குகிறது. நெருப்பு தானாகத் தொடர்ந்து எரிய அந்தப் பங்குதான் விறகு. தங்குதன் திருடுவது அந்த விறகை. ஒரு இலட்சம் எரிபொருள் அணுக்களுக்கு ஒரு சில தங்குதன் அணுக்கள் என்ற அளவைத் தாண்டினாலே நெருப்பின் கணக்கு கெட்டுவிடும்.

இதைவிட மோசமானது, தங்குதன் ஓரத்திலேயே நிற்பதில்லை என்பது. நடுவில் எரிபொருள் அடர்த்தியாக இருக்கும்போது, துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் பாரமான மாசுகள் நடுவை நோக்கி நகரும். இங்கிலாந்தின் ஜெட் இயந்திரம் 2011இல் தங்குதனும் பெரிலியமும் கொண்ட புதிய சுவருடன் இயங்கத் தொடங்கியபோது இதை அனுபவத்தில் கண்டது. தங்குதன் நடுவில் சேர்ந்தால் நடுவே குளிர்ந்துவிடும். அதைத் தடுக்க ஓரத்தில் கூடுதல் வாயுவைச் செலுத்தியும், நடுவைத் தனியாகச் சூடாக்கியும் சமாளித்தார்கள்.

ஸ்டோரில் செய்தது போல ஒரு காந்தத்தை வைத்துத் தங்குதனைப் பிடித்தெடுக்க முடியாதா? முடியாது. இரும்பு காந்தத்தில் ஒட்டுவது அது திண்ம உலோகமாக இருக்கும்போதுதான். பிளாஸ்மாவில் திரியும் தனித்தனி அயன்களுக்குக் காந்தப்புலம் பாதை மட்டும்தான் காட்டும். இந்த வேலைக்கு நம் ஸ்டோரின் மற்றக் காவல் வேண்டும். மின்னேற்றிய உருளை வேண்டும்.

தெமோதரைத் தண்டவாளமும் ஒழுங்கின்மையும்

பதுளையிலிருந்து மேலே போகும் ரயிலில் ஏறியவர்களுக்குத் தெமோதரை தெரியும். ரயில் முதலில் நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பிறகு மலையைச் சுற்றி ஏறி, சற்று முன் எந்த நிலையத்துக்கு அடியால் வந்ததோ அதே நிலையத்தில் வந்து நிற்கும். எத்தனை முறை போனாலும் அதே பாதை. ஒழுங்கான காந்தப்புலமும் அப்படித்தான்.

இந்தப் பாதைகளில் சில சிறப்பானவை. சரியாக இரண்டு நெடுஞ்சுற்றுக்கு ஒரு குறுக்குச்சுற்று, மூன்றுக்கு ஒன்று என்று முழு எண்களில் முடிந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் கோடுகள் அவை. இந்தக் கோடுகள் உள்ள அடுக்குகள்தான் பலவீனமானவை. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் ஒரு விரலின் பலமும் போதும் அல்லவா? அதுபோல, அந்த முழு எண் தாளத்துக்கு ஒத்துப்போகும் சின்னக் காந்தப்புலத்தை வெளியிலிருந்து கொடுத்தால், அந்த அடுக்கு உடைந்து தீவுகள் போன்ற வடிவங்களாகப் பிரியும். கொடுக்கும் புலம் பிரதான புலத்தில் ஆயிரத்தில் ஒன்றோ, பத்தாயிரத்தில் ஒன்றோ இருந்தால் போதும்.

அந்தச் சின்னப் புலத்தைக் கூட்டினால் தீவுகள் பெருக்கும். பக்கத்து அடுக்கின் தீவுகளோடு மோதிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு கோடு எந்தத் தீவுக்குச் சொந்தம் என்றே சொல்ல முடியாமல் போகும். இன்று அருகருகே புறப்படும் இரண்டு கோடுகள் சில சுற்றுகளுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இடங்களுக்குப் போய்விடும். தீவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது ஒழுங்கின்மை பிறக்கிறது என்ற அளவுகோலைச் சொன்னவர் சோவியத் பௌதிகவியலாளர் போரிஸ் சிரிக்கோவ்.

இங்கே ஒழுங்கின்மை என்பது சட்டமில்லாமை அல்ல. ஒவ்வொரு கோடும் விதிப்படியே ஓடுகிறது. ஆனால் புறப்படும் இடத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சேரும் இடம் முற்றிலும் மாறிவிடுகிறது. கேயாஸ் என்று உலகம் சொல்வது இதைத்தான். இந்தத் துறை தமிழருக்குப் புதிதல்ல. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மு. இலட்சுமணன் கட்டியெழுப்பிய ஆய்வு மையம் உலகளவில் பேசப்படுவது. அவரும் கே. முரளியும் லியோன் சுவாவும் 1994இல் வெளியிட்ட எளிய மின்சுற்று ஒன்று, மூவர் பெயரின் முதலெழுத்துக்களோடு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. கடைத்தெருவில் வாங்கும் சில பாகங்களைக் கொண்டே ஒழுங்கின்மையை மேசையில் உண்டாக்கிக் காட்டும் சுற்று அது.

குழப்பம் எப்படித் தூசு தட்டுகிறது

விளிம்பிலுள்ள அடுக்குகளை மட்டும் இப்படிக் குழப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது அங்கே உள்ள கோடுகள் சில உள்ளிருந்து புறப்பட்டு, வளைந்து நெளிந்து, கடைசியில் சுவரைத் தொடும்.

கோட்டின் வழியே முதலில் ஓடுவது யார்? இலத்திரன். தூத்தேரியக் கரு இலத்திரனைவிட ஏறத்தாழ 3,670 மடங்கு பாரமானது. ஒரே வெப்பநிலையில் இலத்திரன் அதைவிட 60 மடங்கு வேகமாக ஓடும். ஆகவே கதவு திறந்ததும் இலத்திரன்கள் முந்திக்கொண்டு வெளியேறும். எதிரேற்றம் வெளியே போனால் உள்ளே மிஞ்சுவது நேரேற்றம். அதனால் உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளும் ஒரு மின்புலம் அந்த விளிம்பில் தோன்றுகிறது. சாதாரண டோகமாக்கின் விளிம்பில் மின்புலம் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில், உள்நோக்கி இருக்கும். ஒழுங்கின்மை அதன் திசையையே திருப்பிவிடுகிறது.

மின்புலம் ஓர் அயனைத் தள்ளும் விசை, அதன் ஏற்றத்துக்கு ஏற்ப அமையும். எரிபொருள் கருவுக்கு ஏற்றம் ஒன்று. தங்குதன் அயனுக்கோ விளிம்பிலேயே பத்து, இருபது இருக்கும். உள்ளே போகப் போக இன்னும் கூடும். ஆகவே அதே புலம் எரிபொருளை மெல்லத் தள்ளும்போது, மாசைப் பல மடங்கு பலமாகத் தள்ளும். நல்ல தூளை விட்டு நாரை மட்டும் தெரிந்தெடுக்கும் நம் உருளையின் வேலை இதுதான். உருளை உரசி மின்னேற்றம் பெற்றது. பிளாஸ்மாவின் விளிம்போ, காந்தக்கோடுகள் குழம்பியதால் பெற்றது.

இரண்டாவது கையும் உண்டு. திறந்த கோடுகளின் வழியே எரிபொருள் பிளாஸ்மாவும் சுவரை நோக்கி ஓடும். சுவரிலிருந்து பெயர்ந்து உள்ளே வரப் பார்க்கும் மாசு, அந்த ஓட்டத்துக்கு எதிரே நீந்த வேண்டியிருக்கும். வெள்ளம் வரும் ஓயாவில் எதிர்நீச்சல் போடுவது போல. மோதி மோதி, வந்த வழியே திரும்பிப் போகும் வாய்ப்பே கூடுதல்.

ஒரு சங்கதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோடுகள் குழம்பினால் வெப்பமும் அதே வழியில் ஓடிவிடும். ஒழுங்கற்ற புலத்தில் இலத்திரன்கள் வெப்பத்தை எப்படிக் கடத்துகின்றன என்று ரெஷஸ்டரும் ரோசன்புளூத்தும் 1978இலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். குழப்பம் நடுவரைக்கும் பரவினால் நெருப்பே அணைந்துவிடும். இந்த முறையின் சூட்சுமம் முழுவதும் அளவில்தான் இருக்கிறது. நடுவின் ஒழுங்கைத் தொடாமல் விளிம்பில் மட்டும், வேண்டிய அளவுக்கு மட்டும்.

செய்து பார்த்த இடங்கள்

இது கடதாசிக் கணக்கோடு நிற்கவில்லை. தெற்குப் பிரான்சின் கடராஷில் 1988இல் இயங்கத் தொடங்கிய டோர் சுப்ரா இயந்திரத்தின் உட்சுவரில், விளிம்பை ஒழுங்கற்றதாக்குவதற்கென்றே ஆறு காந்தச்சுருள் தொகுதிகளைப் பொருத்தினார்கள். அவற்றை இயக்கியபோது மாசு உள்ளே புகுவது குறைந்தது. சக்தியைக் கதிராக வீசும் வேலையும் நடுவில் நடக்காமல் விளிம்போடு நின்றது. அதே டோர் சுப்ராதான் பிறகு தங்குதன் உட்பாகங்களுடன் வெஸ்ட் என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட் 1,066 செக்கன்கள் பிளாஸ்மாவைக் காத்தது. அதே ஆண்டு பெப்ரவரி 12இல் வெஸ்ட் 1,337 செக்கன்கள், அதாவது 22 நிமிடங்களுக்கு மேல் காத்தது.

ஜேர்மனியில் நம்மவர் பலர் வாழும் மாநிலத்தில்தான் அடுத்தது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போகும் உறவினர்கள் நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். அதே நோர்த்ரைன் வெஸ்ட்பாலியாவில் யூலிக் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கிருந்த டெக்ஸ்டர் டோகமாக்கின் உட்பக்கத்தில் 16 சுருள்களைச் சுற்றி, 2003இலிருந்து இயந்திரம் மூடப்பட்ட 2013 வரை ஒழுங்கற்ற விளிம்பை ஆராய்ந்தார்கள். மின்னோட்டத்தை மாற்றி மாற்றிச் செலுத்தி அந்தக் குழப்பத்தையே சுழல வைத்தார்கள். வெப்பம் சுவரின் ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்கான ஏற்பாடு அது. ஜப்பானின் டோக்கி நகரத்திலுள்ள எல்.எச்.டி. இயந்திரம் வேறு வடிவம். அதன் விளிம்பில் ஒழுங்கற்ற படலம் இயல்பாகவே இருக்கிறது. அது மாசைத் திரையிட்டுத் தடுப்பதை அங்கே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் சான் டியாகோவிலுள்ள டீ.த்ரீ.டீ. இயந்திரத்தில் டொட் எவன்ஸ் குழுவினர் 2000களின் முற்பகுதியில் வேறொரு பயனைக் கண்டார்கள். நன்றாக எரியும் பிளாஸ்மாவின் விளிம்பு, பிரஷர் குக்கரின் விசில் போல அடிக்கடி வெடித்து, சுவரில் பெரும் வெப்பத்தை வீசும். சின்னக் காந்தப்புலங்களால் விளிம்பைக் குழப்பினால் அந்த வெடிப்புகள் அடங்கின. இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த வெடிப்புகள் கெட்டவைதான். ஆனால் ஒவ்வொரு வெடிப்பும் கொஞ்சம் மாசையும் வெளியே வீசிவந்தது. விசிலை அடைத்தால் அழுக்கு உள்ளேயே சேரும் என்று பயந்தார்கள். வெடிப்பை அடக்கிய அதே குழப்பமே அந்த அழுக்கை மெல்ல மெல்ல வெளியேற்றவும் உதவியது. பிரான்சில் கட்டப்படும் மாபெரும் இத்தர் இயந்திரத்துக்குள் இதற்காகவே 27 சுருள்கள் வைக்கப்படுகின்றன.

நமக்கு மிக அருகில் இருப்பது குஜராத்தின் காந்திநகருக்கு அருகிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். அங்கே ஆதித்யா டோகமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. பிறகு ஆதித்யா-யூ என்று மேம்படுத்தப்பட்டது. சில நேரங்களில் பிளாஸ்மாவில் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும் இலத்திரன்கள் உருவாகிச் சுவரைத் துளைக்கும். ஒரே இடத்தில் சின்னதாகக் காந்தப்புலத்தைக் கலைத்து, அந்த இலத்திரன்களை முன்கூட்டியே வெளியே எடுக்கலாம் என்று ஆதித்யாவில் காட்டினார்கள். வெளியேற்றும் பொருள் வேறு. யோசனை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. இத்தருக்கான மிகப் பெரிய பாகமான, 30 மீற்றர் உயரமும் 3,850 தொன் எடையும் கொண்ட கிரையோஸ்டாட் என்ற வெளிக்கலனைச் செய்து கொடுத்ததும் இந்தியாதான்.

முடிந்த கதையல்ல. பிளாஸ்மா தானே சுழன்று, வெளியிலிருந்து வரும் சின்னப் புலத்தை உள்ளே விடாமல் தடுக்கும். எவ்வளவு ஆழத்துக்குக் குழப்பம் போகும் என்பது ஒவ்வொரு நிலைமைக்கும் மாறும். அளவு மிஞ்சினால் சுழற்சி நின்று, பிளாஸ்மா முழுவதும் ஒரே நொடியில் உடைந்துவிடும். ஏற்கெனவே நடுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட தங்குதனுக்கு விளிம்புக் குழப்பம் மட்டும் மருந்தாகாது.

நமக்கு என்ன?

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது மெழுகுவர்த்தியில் படித்த பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் குப்பி விளக்கில் படித்த தலைமுறைக்கு அது புதிதல்ல. லயன் காம்பராக்களுக்குப் பிந்தியே மின்சாரம் வந்த எங்களுக்கும் புதிதல்ல. 1977க்குப் பிறகு இங்கிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் இரண்டு இருட்டையும் கண்டவை. மலையில் ஓடும் நீரில் ஆங்கிலேயர் காலத்து ஸ்டோர்கள் தங்களுக்கென்று சுழலிகள் வைத்து இயந்திரம் ஓட்டின. பக்கத்து லயத்தில் விளக்கு எரியவில்லை.

ஆகவே ‘எல்லையற்ற சுத்தமான சக்தி’ என்று யாராவது சொன்னால், விலை என்ன, அதைக் கொடுப்பது யார் என்று கேட்க மலையகத்துக்கு உரிமை உண்டு. 2024 ஏப்ரல் 24இல் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயா திட்டம் 120 மெகாவோட் மின்சாரம் தரக்கூடியது. அதன் சுரங்கத்தைத் தோண்டிய காலத்தில் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதையும் வீடுகள் வெடித்ததையும் சனம் வீதிக்கு இறங்கியதையும் யாரும் மறக்கவில்லை. நீரும் சுத்தமான சக்திதான். ஆனாலும் விலை இருந்தது.

கரு இணைவுக்கும் கேள்விகள் உண்டு. இத்தர் 50 மெகாவோட் வெப்பத்தைக் கொடுத்து 500 மெகாவோட் எடுப்பதை இலக்காக வைத்திருக்கிறது. அதுவும் வெப்பமாகத்தான், அந்த இயந்திரம் மின்சாரம் தராது. 2024இல் வெளியிட்ட திட்டத்தின்படி ஆராய்ச்சி இயக்கம் 2034இல், தூத்தேரியமும் திரிதியமும் கொண்ட இயக்கம் 2039இல். இன்று உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். நாளைய மின்பட்டியலை இது குறைக்கும் என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனால் அந்த முப்பது வயதுப் பிள்ளை எங்கே இருக்கும் என்பதுதான் என் கவலை. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பதே குறைவு. இருந்தால் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை. காந்தப்புலக் கோடு என்றால் என்ன என்று கேட்க ஆளில்லாமல், திறமையுள்ள எத்தனையோ பிள்ளைகள் கலைப்பிரிவுக்கோ கொழும்புக் கடைகளுக்கோ போகிறார்கள். 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. ஸ்டோர் உருளைக்குள் இருக்கும் நிலைமின்னியலை அப்பாக்களுக்குக் கைவேலையாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அது பாடமாகவும் தெரிய வேண்டும்.

அடுத்த கிழமை அதே மாணவிக்கு நான் இந்த விளக்கத்தைச் சொன்னேன். பழைய பலூன் ஒன்றைத் தலைமயிரில் உரசி, சிதறிய தேயிலைத் தூளுக்கு மேலே பிடித்தோம். நாரும் காம்பும் எழும்பி ஒட்டின. தூளில் பெரும்பகுதி மேசையிலேயே கிடந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“வெளிய தள்ளின அழுக்கு திரும்ப உள்ள வராம யாரு சேர் பாத்துக்கிறது?”

உலகின் ஆய்வுகூடங்கள் இன்னும் முழுப் பதில் சொல்லி முடிக்காத கேள்வி அது. வெளியே தள்ளிய மாசையும் ஈலியச் சாம்பலையும் இடைவிடாமல் பம்பி எடுக்கும் பகுதியை எப்படி அமைப்பது என்பது தனியொரு துறை. அடுத்த வாரப் பாடம் அதுதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.